வெளிநாட்டு லாரி உள்ளே வந்தால் நம்ம லாரிக்கு லோடு கிடைக்குமா?

புதுச்சேரி:

கோரிமேடு எல்லையை தாண்டும்போது இப்போது யாரும் வண்டியை மடக்கி 'எந்த நாடு?' என்று கேட்பதில்லை. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதிக்கு முன்பு நிலைமை வேறு. அப்போது புதுவை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கடலூரில் இருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி இங்கே வெளிநாட்டு லாரி. புதுவை வண்டி திண்டிவனம் பக்கம் போனால் அங்கே அது வெளிநாட்டு வண்டி. ஊரை சுற்றி இந்திய சுங்க சாவடிகள் இருந்தன. கெடுபிடியும் இருந்தது, கடத்தலும் இருந்தது.

இந்த பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? அதே தகராறு நாட்டின் வடக்கு மூலையில் இன்றைக்கும் நடந்து கொண்டிருக்கிறது. அடுத்த நாட்டு லாரி நம்ம ரோட்டில் ஓடலாமா என்பதுதான் அங்கே பிரச்சினை.

புல்பாரியில் என்ன தகராறு?

மேற்கு வங்காளத்தில் சிலிகுரி பக்கத்தில் புல்பாரி என்று ஒரு எல்லை. எதிர்ப்பக்கம் வங்காளதேசத்தின் பங்ளாபந்தா. வங்காளதேசம் முழுக்க ஆற்று வண்டல் மண். வீடு கட்ட, ரோடு போட அங்கே கல் கிடைப்பது கஷ்டம். அதனால் இந்தியாவில் இருந்தும் பூடானில் இருந்தும் லாரி லாரியாக கல் போகிறது. பூடான் லாரிகள் இந்திய ரோட்டில் ஓடி, இந்த புல்பாரி வழியாகத்தான் எல்லையை கடக்கின்றன.

உள்ளூர் லாரி உரிமையாளர்கள் இதை எதிர்த்து அண்மை ஆண்டுகளில் பலமுறை போராட்டத்தில் குதித்தனர். வண்டிகள் எல்லையில் வரிசை கட்டி நின்றன. எல்லையை கடக்க நேரம் பதிவு செய்வதற்கான கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், பூடான் வண்டிக்கு ஏன் சலுகை? நாங்கள் கூடுதல் பாரம் ஏற்றினால் அபராதம், அவர்களை ஏன் கண்டுகொள்வதில்லை? இதுதான் அவர்கள் கேள்வி.

பூடானில் டீசல் விலையும் குறைவு. வரி வித்தியாசம்தான் காரணம். இது நம்ம ஊர்க்காரர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழகத்தை விட புதுவையில் டீசல் விலை குறைவு என்பதால், எல்லையோர பங்குகளில் டி.என். வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொண்டு போவதை தினமும் பார்க்கிறோமே!

ஆனால் பூடானுக்குள் போய் கேட்டால் கதை தலைகீழ். இந்தியா, வங்காளதேசம், நேபாளம், பூடான் 4 நாடுகளும் 2015-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தம் செய்தன. எல்லையில் சரக்கை இறக்கி வேறு லாரிக்கு மாற்றாமல், ஒரே வண்டி கடைசி வரை போகலாம் என்பது திட்டம். பூடான் மேல்சபை 2016-ல் இதை நிராகரித்து விட்டது. பெரிய நாட்டு லாரிகள் வந்து குவிந்தால் நம்ம வண்டிகளும் ரோடும் என்ன ஆகும் என்ற பயம் அங்கே. மற்ற 3 நாடுகள் தொடர்ந்து பேசி வந்தாலும், ஒப்பந்தம் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. ஆக, புல்பாரிக்காரர் பூடான் வண்டிக்கு பயப்படுகிறார், பூடான்காரர் நம்ம வண்டிக்கு பயப்படுகிறார்.

ரிட்டர்ன் லோடுதான் விஷயமே

லாரி தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாக புரியும். சேதராப்பட்டில் இருந்து கொல்கத்தாவுக்கு ஒரு லோடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது கிடைக்கிற வாடகை டீசலுக்கும், டோலுக்கும், டிரைவர் பேட்டாவுக்கும் சரியாகப் போய்விடும். திரும்பி வரும்போது லோடு கிடைத்தால்தான் பைனான்ஸ் தவணை கட்ட காசு. லோடு கிடைக்காவிட்டால் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த வாடகைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒன்றிரண்டு வண்டி மட்டும் வைத்திருப்பவர்கள் நிறைந்த தொழில் இது. இரண்டு தவணை தவறினால் வண்டி போய்விடும்.

வெளிநாட்டு லாரி சரக்கை இறக்கிவிட்டு காலியாக திரும்பினால் பெரிய சண்டை வராது. அதே வண்டி இங்கேயே ஒரு லோடு ஏற்றி இன்னொரு ஊரில் இறக்கினால்தான் வயிற்றில் அடி. அதனால்தான் 4 நாட்டு ஒப்பந்தத்திலும் உள்ளூர் சரக்கை வெளிநாட்டு வண்டி ஏற்றக்கூடாது என்று தெளிவாக போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் கொஞ்சம் தளர்வு உண்டு. அங்கே அடுத்த நாட்டு லாரி சரக்கை இறக்கிய பிறகு 7 நாளில் 3 உள்ளூர் லோடு வரை அடிக்கலாம். 2022-ல் இருந்து, அதன் பிறகு 4 நாள் அந்த நாட்டில் உள்ளூர் லோடு தொடக்கூடாது என்றும் சேர்த்து விட்டார்கள்.

பி.ஒய். வண்டிக்கும் இதே விதிதான்

வெளிநாடு வரை போவானேன்? நேஷனல் பெர்மிட் வண்டி, சொந்த மாநிலம் தவிர வேறு மாநிலத்துக்குள் ஒரு ஊரில் ஏற்றி அதே மாநிலத்தின் இன்னொரு ஊரில் இறக்கக்கூடாது. பி.ஒய். நம்பர் லாரி புதுவையில் ஏற்றி சேலத்தில் இறக்கலாம். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக காரைக்காலுக்கும் போகலாம். ஆனால் கடலூரில் ஏற்றி சிதம்பரத்தில் இறக்கினால் தப்பு. மாட்டினால் ஆர்.டி.ஓ. விடமாட்டார்.

2010-ம் ஆண்டுக்கு முன்பு, எந்தெந்த மாநிலம் போக வேண்டுமோ அதற்கெல்லாம் தனித்தனியாக பணம் கட்ட வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் முதல் ஆண்டுக்கு ரூ.15 ஆயிரம் ஒரே கட்டணம், நாடு முழுவதும் ஓட்டலாம் என்று மாற்றினார்கள். பிறகு அது ரூ.16,500 ஆனது. கட்டணம்தான் மாறியது. உள்ளூர் லோடு தடை அப்படியே இருக்கிறது.

பஸ்சிலும் இதே பஞ்சாயத்து வந்தது. தமிழகத்துக்குள் ஓடிய வெளிமாநில பதிவு எண் ஆம்னி பஸ்களுக்கு 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு தடை போட்டது. புதுவை, நாகாலாந்து நம்பர் வண்டிகளும் இதில் சிக்கின. வரி குறைவான இடத்தில் பதிவு செய்து, சுற்றுலா பெர்மிட்டை காட்டி, தினசரி டிக்கெட் போட்டு ஓட்டுகிறார்கள் என்பதுதான் புகார். தமிழகத்தில் வரி கட்டி ஓட்டியவர்களுக்கு அது நியாயமாக பட்டது. நடுவழியில் பையோடு இறங்கி நின்ற பயணிகளுக்கு அப்படி படவில்லை!

அமெரிக்காவில் 20 வருட இழுபறி

உலகத்திலேயே பெரிய லாரி தகராறு அமெரிக்கா - மெக்சிகோ இடையே நடந்ததுதான். 1994-ல் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி, மெக்சிகோ லாரிகளை 1995 டிசம்பர் முதல் எல்லை மாநிலங்களுக்குள் விட வேண்டும். அமெரிக்க லாரி டிரைவர்களின் பெரிய சங்கமான டீம்ஸ்டர்ஸ் எதிர்த்து நின்றது. பாதுகாப்பு குறைவு, கூலி குறைவு, எங்கள் பிழைப்பு போய்விடும் என்றார்கள். அரசும் கதவை திறக்கவில்லை. மெக்சிகோ வண்டி எல்லையை ஒட்டிய சில மைல் தூரத்திலேயே சரக்கை இறக்க வேண்டும்.

2001-ல் தீர்ப்பாயம் அமெரிக்கா செய்தது தவறு என்றது. 2007-ல் சோதனை ஓட்டம் தொடங்கி, 2009-ல் நிறுத்தப்பட்டது. கோபமடைந்த மெக்சிகோ, சுமார் 240 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்க பொருட்கள் மீது வரியை போட்டது. லாரிக்கு சம்பந்தமே இல்லாத விவசாயிகள் தலையில் அடி விழுந்தது. 2011-ல் சமரசம் ஆகி மீண்டும் சோதனை ஓட்டம் நடந்தது.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளமாக வரும் என்று பயந்த லாரிகள் வரவே இல்லை. அந்த 3 ஆண்டு சோதனையில் சேர்ந்தது சுமார் 15 கம்பெனிகள்தான். 2015-ல் கதவு திறந்தது. இருந்தாலும் 2020-ல் வந்த புது ஒப்பந்தத்தில், உள்ளூர் தொழில் பாதித்தால் மறுபடி கட்டுப்படுத்தலாம் என்று ஒரு பிடியை அமெரிக்கா வைத்துக்கொண்டது.

இலங்கைக்கு பாலம் வந்தால்?

நம்ம பக்கம் வெளிநாட்டு லாரி வர இப்போதைக்கு வழி இல்லை, நடுவில் கடல். ஆனால் 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு அறிக்கையில், இரு நாட்டுக்கும் தரைவழி இணைப்பு போடலாமா என்று ஆராயப்படும் என கூறப்பட்டது. இரண்டு நாட்டிலும் இடதுபக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள், எனவே வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

அப்படி ஒரு பாலம் வந்தால், நாமக்கல்லிலும் மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையத்திலும் நிற்கிற லாரிகள் கொழும்பு துறைமுகம் வரை ஒரே ஓட்டமாக போகலாம். பூடான் மேல்சபையில் எழுந்த அதே பயம் அப்போது அங்கே உள்ள லாரிக்காரர்களுக்கு வரும். இப்போதைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய நாகை - காங்கேசன்துறை கப்பல்தான் இருக்கிறது. அதில் பயணிகள் மட்டுமே போக முடியும், லாரி ஏற்ற முடியாது.