உப்பு சுமந்தே வாழ்ந்த நதி... இப்போ எங்கே? ஜெர்மனியின் ஸ்டெக்னிட்ஸ் கதை

வட ஜெர்மனியில் ஸ்டெக்னிட்ஸ் என்று ஒரு சின்ன நதி இருந்தது. இப்போதைய வரைபடத்தில் தேடினால் சட்டென்று சிக்காது. வறண்டு போச்சா? அதுதான் இல்லை. மனிதர்கள் அதை வெட்டி வெட்டிக் கால்வாயாகவே மாற்றிவிட்டார்கள்.

எங்கே ஓடியது?

மோல்ன் நகரத்து ஏரியில் கிளம்பி, வடக்கே லூபெக் அருகே டிராவ் ஆற்றில் கலந்தது. டிராவ் போய்ச் சேருவது பால்டிக் கடலில். இதற்குப் பக்கத்திலேயே டெல்வெனாவ் என்ற இன்னொரு சிற்றாறு, தெற்கே ஓடி லாவன்பர்க்கில் எல்பே நதியில் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மேடு மட்டும்தான்.

ஏன் இணைத்தார்கள்?

காரணம் உப்பு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். பால்டிக் பகுதியில் பிடித்த ஹெரிங் மீன் கெடாமல் இருக்க உப்பு வேண்டும். லூனபர்க்கில் உப்பு இருந்தது, லூபெக்கில் வியாபாரிகள் இருந்தார்கள். மாட்டு வண்டி, குதிரை வண்டியில் எவ்வளவுதான் கொண்டு போக முடியும்? அதனால் மேட்டை வெட்டி இரண்டு ஆறுகளையும் இணைத்தார்கள். 1398-ல் முதல் உப்புப் படகுகள் லூபெக் வந்து சேர்ந்தன. மேட்டைத் தாண்டிச் செல்லும் கால்வாய்களில் ஐரோப்பாவிலேயே மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று.

மேட்டில் படகு எப்படிப் போகும்?

மதகை அடைத்துத் தண்ணீரைத் தேக்குவார்கள். திறந்துவிட்டதும், அந்த வெள்ளத்தோடு படகுகள் இறங்கும். ஏறும்போது கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்கணும். வளைந்து நெளிந்த 90 கி.மீ.க்கும் மேலான பாதை. பயணம் வாரக்கணக்கில் இழுத்தது.

பிறகு என்ன ஆச்சு?

பிரான்ஸ் கடலோர உப்பு மலிவாக வந்தது. 1851-ல் லூபெக் - பூகன் ரயில் பாதையும் வந்தது. 1900-ல் எல்பே - லூபெக் கால்வாய் திறக்கப்பட்டபோது, பழைய பாதையின் பெரும்பகுதி அதற்குள் மறைந்தது. புதிய நீளம் சுமார் 62 கி.மீ. மட்டுமே.

இப்போ என்ன மிச்சம்?

லாவன்பர்க்கில் ஒரு பழைய மதகு, லூபெக்கில் ஹோல்ஸ்டன் வாயிலை ஒட்டிய உப்புக் கிடங்குகள். தெற்கே விடுபட்ட பழைய நீர்வழியின் ஒரு பகுதி, ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் எல்லைக்கோடாக இருந்தது. ஆட்கள் நெருங்க முடியாத அந்த ஈரநிலம் இன்று இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. உப்புக்காக மனிதர்கள் வளைத்த நதி, அவர்கள் விலகி நின்ற இடத்தில்தான் கொஞ்சம் மூச்சு விடுகிறது.