விண்மீன் இடைவெளியில் கரிமச் சேர்மங்கள்

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘சேதன இரசாயனம்’ என வழங்கும் துறையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கரிம வேதியியல்’ என்கின்றன. சேதனம் என்பது அறிவுடைப் பொருளைக் குறிக்கும். கரிமம் என்பது கரியை அடியாகக் கொண்டது. இவ்விரண்டனுள் பொருளுக்கு இயைவது எது என்பதை, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் நிகழும் வேதிவினைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அவ்வெளியில் மூலக்கூறுகள் உள என்பது எங்ஙனம் அறியப்பட்டது? சவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பெற்றன. இத்தகைய தொலைநோக்கிகளோடு இணைந்த கருவிகள் விண்மீனொளியை நிறமாலையாகப் பகுக்கும். ஒளி வரும் வழியில் மூலக்கூறுகள் இருப்பின், அவை தமக்குரிய நிறங்களைக் கவர்ந்துகொள்ளும். அவ்விடங்கள் கருங்கோடுகளாகத் தோன்றும். இம்முறையால், கார்பன் ஹைட்ரஜனோடும் நைட்ரஜனோடும் தனித்தனியே இணைந்த எளிய மூலக்கூறுகள் 1937 முதல் 1941 வரையிலான ஆண்டுகளில், மேலைநாட்டு ஆய்வாளரால் இனங்காணப்பட்டன. பின்னர் 1969இல் வானொலி அலைகளின் வாயிலாகப் பார்மால்டிஹைடு கண்டறியப்பட்டது. இன்று அறியப்பட்ட மூலக்கூற்று வகைகள் முந்நூற்றுக்கு மேற்பட்டன.

இனி, இவை தோன்றும் முறையைக் காண்போம். விண்முகில்களின் உட்பகுதியில் வெப்பநிலை ஏறத்தாழ −263 பாகை செல்சியசு. அணுக்கள் ஒன்றையொன்று எதிர்ப்படுதல் அரிது. எதிர்ப்படினும், இணைவால் எழும் ஆற்றலை ஏற்பதற்கு மூன்றாவது பொருள் ஒன்று இல்லையாயின், அவை பெரும்பாலும் மீளப் பிரிந்துவிடும். இத்தடை இருவழியால் நீங்குகிறது. ஒன்று, அண்டக்கதிர் தாக்கி மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு பிறவற்றைத் தன்பால் ஈர்த்து வினைபுரிதல். மற்றொன்று, நுண்தூசியின் துணை. தூசியின் மீது கார்பன் மோனாக்சைடு பனியாகப் படிகிறது. அதன்மேல் ஊர்ந்துவரும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக இணைகின்றன. இரண்டு இணைந்தால் பார்மால்டிஹைடு. நான்கு இணைந்தால் மெத்தனால். எழும் ஆற்றலைத் தூசியே ஏற்றுக்கொள்கிறது. முகிலினுள் விண்மீன் உருவாகி வெப்பம் மிகும்போது பனி ஆவியாகி, மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன.

இந்நிகழ்ச்சிகளுள் யாண்டும் உயிரின் தொழில் இல்லை என்பது தெளிவு. 1828இல் வோலர் யூரியாவை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக்காட்டியபோதே, இத்தகைய சேர்மங்களுக்கு உயிராற்றல் வேண்டும் என்னும் கொள்கை தளர்ந்தது. விண்முகில்கள் அத்தளர்ச்சியை முற்றுவிக்கின்றன. ‘விண்வெளியில் சேதனப் பொருள்’ என்று எழுதினால், கற்போர் அங்கு உயிர் உண்டு என மயங்குவர். ‘கரிமச் சேர்மம்’ என்பது அம்மயக்கத்துக்கு இடந்தராது. உயிருக்கு வேண்டும் பொருள் வேறு, உயிர் வேறு. இவ்வேறுபாட்டைக் காத்தலின், கரிமம் என்னும் சொல்லே தக்கது என்பது எம் துணிபு.