கல்லாவை விட்டு எழ ஆறு மணி நேரமா?

வேடந்தாங்கல் என்றதும் எல்லோருக்கும் பறவைகள்தாம் நினைவுக்கு வரும். ஏரியில் தண்ணீர் நின்றால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வரும். அவை வந்தால் ஜனங்கள் வருவார்கள். ஜனங்கள் வந்தால்தான் நம் வியாபாரம். நவம்பர் முதல் மார்ச் வரை, அதிலும் பொங்கல் விடுமுறையில், ஏரிக்கரைப் பக்கம் டீக்கடை, பெட்டிக்கடை, சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அவர்களுக்குச் சரக்குப் போடும் மதுராந்தகம், செங்கல்பட்டு மொத்த வியாபாரிகளுக்கும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று, அங்கே பெட்டிக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவருக்குக் காலை பத்து மணிக்கு நெஞ்சு வலித்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். நாம் நேரில் சென்று பேசியபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

"வாயுன்னுதான் சார் நெனச்சேன். ஒரு சோடா உடைச்சுக் குடிச்சேன். ஏப்பம் வந்திச்சு, சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன். வேர்த்துக் கொட்டுச்சு. கூட்டத்துல வேர்க்கத்தானே செய்யும்? வருஷத்துல அந்த மூணு நாள்தான் பொழப்பு. எப்படிக் கடையை மூடறது?"

பன்னிரண்டு மணிக்கு இடது தோளும் தாடையும் வலித்தன. மெடிக்கல் ஷாப்பில் அசிடிட்டி மாத்திரை வாங்கி வரச் சொன்னார். மூன்றரை மணிக்குச் சம்சாரம் வந்து பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் ஷட்டர் இறங்கியது. ஆட்டோ பிடித்து, விடுமுறைக் கூட்டத்தில் ஊர்ந்து, ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தபோது மணி நாலரை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஏறியபோது ஐந்து தாண்டி விட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப் போனது. இன்றைக்கு ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கி வைக்க அவரால் முடியாது.

வலி வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆறரை மணி நேரம். இவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்து விட வேண்டாம்.

2008-ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் 'கிரியேட்' என்னும் இந்திய ஆய்வு வெளியாயிற்று. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் டெனிஸ் சேவியர், பிரேம் பாய்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்தியது. நாட்டின் 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில், மாரடைப்பு அல்லது அதன் முன்னறிகுறியோடு வந்த 20,468 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால், அது 360 நிமிடம். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு கட்டி கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். டாக்டர்கள் தாமதம் செய்கிறார்கள் என்று நாம் குறை சொல்வதுண்டு. இந்தக் கணக்கில் பெரும் தாமதம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, வீட்டிலும் கடையிலும் சாலையிலும் இருக்கிறது.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் உண்டு. மூட்டை தூக்கும் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் நாம் அதைப் படித்தே ஆக வேண்டும். வசதியுள்ள நோயாளிகளில் நூற்றுக்கு 5.5 பேர் முப்பது நாட்களுக்குள் இறந்தார்கள், ஏழைகளில் 8.2 பேர். ஏழைகளின் நோய் கடுமையானது என்பதல்ல காரணம். கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தபோது, இறப்பில் இருந்த வித்தியாசமும் மறைந்து விட்டது.

நேரம் ஏன் இத்தனை முக்கியம்?

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவம் வெடித்து, அதன் மேல் இரத்தம் கட்டியாக உறைந்து வழியை அடைத்துக் கொள்வதுதான் பெரும்பாலான மாரடைப்பு. வாய்க்கால் அடைத்தால் கடைமடைப் பயிர் காய்வது போல அதற்கு அப்பால் உள்ள தசை சாகத் தொடங்குகிறது. பயிராவது இரண்டு நாள் தாங்கும். இருதயத் தசை சில மணி நேரம்கூடத் தாங்காது.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இத்தாலி டாக்டர்கள். 1986-இல் வெளியான 'கிஸ்ஸி' ஆய்வில் சுமார் 11,700 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஊசி, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்தார்கள். வலி வந்து ஒரு மணிக்குள் ஊசி போட்டுக் கொண்டவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்று மணிக்குள் என்றால் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆறு மணிக்கு மேல் போனவர்களிடம் பலன் தென்படவில்லை.

சீட்டுக் குலுக்குவது எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரே தராசில், ஒரே படிக்கல்லில் நிறுத்தால்தானே இரண்டு சரக்கின் எடையை ஒப்பிட முடியும்? நோய் குறைவாக உள்ளவர்களுக்கெல்லாம் புது மருந்தைக் கொடுத்து விட்டுப் பலன் அபாரம் என்று சொன்னால், அது கல்லின் அடியில் புளி ஒட்டி நிறுப்பதற்குச் சமம். நல்ல ஆய்வுகளில் கொடுக்கும் டாக்டருக்கே தம் கையில் இருப்பது மருந்தா வெறும் மாவு மாத்திரையா என்பது தெரியாது.

அப்படி நிறுத்ததில் நமக்கு மிகவும் பிடித்தது 1988-இல் வந்த 'ஐசிஸ்-2' ஆய்வு. 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். ஊசியும் ஆஸ்பிரினும் இல்லாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இருதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் நூற்றுக்கு 13.2 பேர். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். வேடிக்கை என்னவென்றால், தனியாகக் கொடுத்தபோது ஆஸ்பிரின் அந்த ஊசிக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மாத்திரை அது! ஆறு மணி கடந்து வந்தவர்களுக்கும் ஓரளவு பலன் உண்டு என்பதையும் இதே ஆய்வு காட்டியது. ஆகவே, 'நேரமாகி விட்டது, இனிப் போய் என்ன பயன்' என்று இருந்து விடக் கூடாது.

தமிழகம் கண்ட வழி

இன்று சிறந்த சிகிச்சை, அடைப்பை உடனே பலூனால் திறந்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிதான். இருதயக் குழாயைப் பலூனால் திறக்கும் முறையை 1977-இல் ஜூரிச் நகரில் டாக்டர் குரூண்ட்சிக் முதன்முதலாகச் செய்து காட்டினார். ஆனால் அதற்குக் கேத் லேப் வேண்டும், பயிற்சி பெற்ற டாக்டர் வேண்டும், நள்ளிரவிலும் ஆள் இருக்க வேண்டும். வேடந்தாங்கலில் வலி வந்தவருக்கு அதெல்லாம் எப்போது கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் நம் மாநிலத்து டாக்டர்களே. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி, கோவை மெடிக்கல் சென்டரின் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர் ஆகியோரின் முயற்சியில் 'தமிழ்நாடு ஸ்டெமி' திட்டம் நடந்தது. ஸ்டெமி என்பது குழாய் முழுதாக அடைபட்டு ஈ.சி.ஜி.யிலேயே தெரியும் பெரிய மாரடைப்பு. நம் தொழிலில் மொத்த மண்டியும் சில்லறைக் கடைகளும் எப்படியோ, அப்படி ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பல சிறிய ஆஸ்பத்திரிகளை இணைத்தார்கள். சிறிய இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தவுடன் அது பெரிய இடத்துக்குப் போய்ச் சேரும். பலூன் சிகிச்சை நேரத்தில் கிடைக்காதென்றால் அங்கேயே கட்டி கரைக்கும் ஊசி. பிறகு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கே 3 முதல் 24 மணிக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட்.

2012 ஆகஸ்டு முதல் 2014 ஜூன் வரை 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். முடிவு 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இருதயவியல் இதழில் வந்தது. திட்டத்துக்கு முன் ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் நூற்றுக்கு 35 பேர்; பின்பு 60.8 பேர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, பின்பு 14.2. இது சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வல்ல, முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட்டது. ஆகவே வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது என்பதையும் சொல்லி விடுகிறோம். ஆனாலும் நூற்றுக்கு மூன்று குடும்பம் என்பது சிறிய லாபமா?

ஊசி போட்டு அனுப்புவது இரண்டாந்தரச் சிகிச்சை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 'நேரே மெட்ராஸுக்கே கொண்டு போயிடலாம்' என்று உறவினர்கள் அவசரப்படுவதைப் பார்க்கிறோம். 2013-இல் வந்த 'ஸ்ட்ரீம்' என்ற பன்னாட்டு ஆய்வு இதைத்தான் சோதித்தது. வலி வந்து மூன்று மணிக்குள் வந்தவர்கள், ஆனால் ஒரு மணிக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழியில்லாதவர்கள், மொத்தம் 1,892 பேர். முதலில் ஊசி போட்டு அனுப்பியவர்களில் 12.4 சதவீதத்தினருக்கும், நேரே ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போனவர்களில் 14.3 சதவீதத்தினருக்கும் முப்பது நாட்களுக்குள் மரணமோ பெரிய இருதயக் கோளாறோ ஏற்பட்டது. கிட்டத்தட்ட சமம். ஊசியால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் சற்று அதிகம் என்பதும் உண்மை; அதனால்தான் ஊசி போடுமுன் டாக்டர் அத்தனை கேள்வி கேட்கிறார். கிட்டத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யும் ஊசியும் இருக்கும்போது அதைத் தாண்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை வரை போவதில் இழப்பது நேரத்தை அல்ல, தசையை.

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இந்த ஆய்வுகளின் வழி வந்ததே. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் அவசர அளவாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். 2008 செப்டம்பரில் நம் மாநிலத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் சேவையையும் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. ஆட்டோவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகும்போது இருதயத் துடிப்பு தாறுமாறானால் அதைச் சரிசெய்ய ஆட்டோக்காரரிடம் என்ன இருக்கிறது?

ஒரு ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுந்து வந்து விடவும் கூடாது. முதல் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமல், சற்றுப் பொறுத்து எடுத்த இரண்டாவதிலோ, ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையிலோ தெரிய வருவதுண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வேர்வையும் மட்டும் வரலாம்.

விலை விவரம்

வியாபாரிகளாகிய நாம் விலையைக் கேட்காமல் இருப்போமா? மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு ஒரு காலத்தில் நோயாளியிடம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்றும், சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்றும் உச்ச வரம்பு கட்டியது. அதன் பிறகு மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி இந்த வரம்பு திருத்தப்பட்டு வருகிறது. நடுவில் எத்தனை கை மாறி எவ்வளவு ஏறியது என்பதை நம்மைவிட நன்றாக யாருக்குப் புரியும்! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை உண்டு. ஆனால் அதற்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நம்மில் பலர் அந்த வரம்புக்குச் சற்று மேலேயும், பெரிய செலவைத் தாங்கும் நிலைக்கு மிகவும் கீழேயும் நிற்கிறோம். கடைச் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து விட்டு நமக்கு எடுக்காதவர்கள் நம் சங்கத்திலேயே எத்தனை பேர்?

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டாருக்கு ஏறக்குறைய 59. ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் கிடைத்த கணக்கு இது. நமக்கு அந்த வயதில்தான் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் கடை, குடோனுக்கு பேங்க் கடன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன.

வேடந்தாங்கல் அன்பரிடம் விடை பெறும்போது கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். அவருடைய மகன் எழுதி ஒட்டியது. 108, மிக அருகில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரியின் போன் நம்பர், அங்கே ஊசி இருக்கிறதா என்று கேட்டுக் குறித்த தேதி, அவசரத்தில் கடையைப் பார்த்துக் கொள்ளப் பக்கத்துக் கடைக்காரர் பெயர். பக்கத்துக் கடையிலும் இதே போல் ஓர் அட்டை, இவர் பெயரோடு.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றார். "இப்ப நல்லாத்தானே இருக்கேன். அந்த மாத்திரையை நிறுத்திடலாமா?"

நாம் டாக்டர் அல்ல. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே மீண்டும் கட்டி உறையக்கூடும் என்பதைச் சொன்னோம். அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது சீட்டை எடுத்துக் கொண்டு டாக்டரையும் பார்த்து வருவதாகச் சொன்னார். அதற்குள் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. அவர் எழுந்து போனார்.