அளந்தறியுங் கேத்திரகணிதம்

கேத்திரகணிதம் என்னுஞ் சொல்லின் முதலுறுப்பாகிய 'கேத்திரம்' வடமொழியில் வயலையும் நிலத்தையுங் குறிப்பது. கிரேக்கர் இக்கலைக்கு இட்ட பெயரும் நிலவளவை என்னும் பொருளதே. வேள்விமேடை அமைத்தற்கு விதிகூறும் சுல்பசூத்திரங்கள் கயிற்றையும் முளையையுங் கொண்டே வடிவங்களை ஆக்கும் முறையைக் கூறுகின்றன. 'சுல்பம்' என்பதன் பொருளும் கயிறு என்பதே. இன்றும் வீட்டுக்கு அத்திவாரமிடும் மேசன்மார், ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து, இடையே குறுக்கே 5 அடி வருகின்றதா எனப் பார்த்தே மூலையைச் செங்கோணமாக்குகின்றனர். இவ்வாறு கயிறு பிடித்துக் கண்ட கலை, ஆரம்ப பாடசாலைகள் பலவற்றிற் கரும்பலகையிலே தொடங்கிக் கரும்பலகையிலேயே முடிந்துவிடுகின்றது. செவ்வகத்தின் பரப்பளவு யாதென வினவின், நீளத்தை அகலத்தாற் பெருக்குதல் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு மாணாக்கர் தடையின்றி ஒப்புவிப்பர். பெருக்கிவந்த எண் எப்பொருளின் தொகை என்று மேலும் வினவின், அவருட் பலர் வாய்திறவார்.

இவ்வறியாமை பரீட்சைத் தாளோடு ஒழிவதன்று. ஒரு காணியைச் சுற்றியுள்ள வேலி 64 மீற்றர் எனக் கொள்வோம். அக்காணி 16 மீற்றர்ச் சதுரமாயின் அதன் பரப்பளவு 256 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்து வழக்கில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். அஃது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே அக்காணி ஒரு பரப்பிற்குச் சற்றே மிகுந்தது. அதே 64 மீற்றர் வேலியுடைய வேறொரு காணி 28 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உடையதாயின், அதன் பரப்பளவு 112 சதுர மீற்றரே. அரைப்பரப்புத்தானும் இல்லை. வேலியைப் பார்த்துக் காணியை மதிப்பவன் பாதிக்குமேல் இழப்பான். சுற்றளவும் பரப்பளவும் வெவ்வேறென்பதை வாய்ப்பாடாகப் படித்தவனும் இவ்விடத்து ஏமாறுதல் கூடும். தன் கையால் அளந்து கண்டவன் எளிதில் ஏமாறான்.

அதனைக் காட்டுதற்கு வேண்டுவன 16 மீற்றர்க் கயிறும் பழைய செய்தித்தாள்களுமே. தாள்களை ஒட்டி, ஒரு மீற்றர்ப் பக்கமுள்ள சதுரங்கள் பதினாறு ஆக்கப்படும். கயிற்றின் இருமுனைகளையும் முடிந்து நான்கு மாணாக்கர் மூலைகளிற் பிடித்து நிற்பர். முதலிற் பக்கம் 4 மீற்றராக நிற்க, பதினாறு தாளும் உள்ளே அடங்கும். பின்னர் அவர்கள் 6 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமுமாக விலகி நிற்பர். பன்னிரண்டு தாளே அடங்கும், நான்கு வெளியே மிஞ்சும். 7 மீற்றரும் 1 மீற்றருமாக நின்றால் ஏழே அடங்கும். இறுதியில் இரு நெடும்பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டுமளவும் அவர்களை நெருங்கச் செய்தல் நன்று. கயிறு முழுவதும் கையில் இருக்க, நிலம் முற்றாய் இல்லாதொழிகின்றது! சிறுவர் நகைப்பர், ஆயினும் அந்நகைப்பிலேயே பாடத்தின் கருத்து அவர்க்கு விளங்கிவிடும்.

தாள்களை அடுக்கும்போது வேறொன்றும் நிகழ்கின்றது. முதலில் ஒவ்வொன்றாய் எண்ணிய மாணாக்கன், சிறிது நேரத்தில் ஒரு வரிசையை மாத்திரம் எண்ணி, வரிசைகளின் தொகையாற் பெருக்கத் தொடங்குவான். நீளத்தை அகலத்தாற் பெருக்கும் விதியை அவன் இங்கே தானே கண்டுகொள்கின்றான். ஆசிரியர் விதியை முன்னரே உரைத்துவிட்டால் இக்கண்டுபிடிப்பிற்கு இடமில்லை.

பரப்பளவு பற்றிய மயக்கம் இக்காலத்துச் சிறுவர்க்கே உரியதன்று. பிளேட்டோவின் 'மெனோன்' என்னும் உரையாடலிற் சோக்கிரதர், 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தின் இருமடங்கு பரப்புடைய சதுரத்திற்குப் பக்கம் யாதென ஓர் அடிமைச் சிறுவனை வினவுகின்றார். அவன் 4 அடி என்கின்றான். படத்தைப் பார்த்த பின்னரே அது நான்மடங்காதலை அறிகின்றான், 3 அடி என்று திருத்துகின்றான், அதுவும் பொருந்தவில்லை. பழைய சதுரத்தின் மூலைவிட்டமே புதிய சதுரத்தின் பக்கம் என்பது ஈற்றில் வெளியாகின்றது. இதனை வகுப்பிற் காட்டுதல் எளிது. சதுரத்தாளின் நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தால் எஞ்சுவதும் ஒரு சதுரமே. தாள் எங்கும் இருமடியாதலின் அதன் பரப்பு முன்னையதிற் சரிபாதி.

அறிஞர் பியாசே, இனெல்டர், செமின்ஸ்கா ஆகியோர் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனோடு ஒத்த ஒரு சோதனை கூறப்படுகின்றது. ஒரே அளவான இரு பச்சை அட்டைகள் புல்வெளிகளாக வைக்கப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு பசு மேயும். பின்னர் இரண்டிலும் சமதொகையான சிறு வீடுகள் வைக்கப்படும். ஒன்றில் நெருக்கமாக, மற்றதிற் சிதறலாக. எஞ்சிய புல் இரண்டிலும் சமமே. சின்னஞ்சிறுவரோ சிதறிய வீடுகளுள்ள வெளியிற் புல் குறைவென்பர். கண்ணுக்குத் தோன்றுவதை எண்ணம் திருத்துதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தில் கைக்கு வேலை வேண்டும்.

நீளத்தை அளத்தலும் ஆசிரியர் கருதுமளவு எளிதன்று. முனை முறிந்து 2இலிருந்து தொடங்கும் அடிமட்டமொன்றைக் கொடுத்துப் பென்சிலை அளக்கச் சொன்னால், மறுமுனை நிற்கும் 9 என்னும் எண்ணையே நீளமாகக் கூறுவோர் பலர். எண் அளவன்று, இடைவெளியே அளவு என்பதை முறிந்த மட்டம் கற்பிப்பதுபோலப் புதிய மட்டம் கற்பிப்பதில்லை. வேலிக் கணக்கும் இத்தகையதே: 30 அடி வேலிக்கு 3 அடிக்கொன்றாகக் கதியால் நட வேண்டுவன பத்தல்ல, பதினொன்று. முற்றத்திற் குச்சிகளை நட்டுப் பார்த்தவன் இதனை மறவான்.

கத்தரிக்கோலின் பயனும் சிறிதன்று. இணைகரமொன்றின் ஒருபுறத்து முக்கோணியை வெட்டி மறுபுறத்தில் ஒட்டினால் அது செவ்வகமாகும். ஒத்த இரு முக்கோணிகளைச் சேர்த்தால் இணைகரம் வரும். முக்கோணியின் பரப்பளவில் அரை என்னும் எண் எங்கிருந்து வந்ததென அதன்பின் வினவுவார் இல்லை.

வடிவங்களின் பெயரிலும் ஓர் இடர் உண்டு. சதுர அட்டையை மூலை கீழாகத் திருப்பிப் பிடித்தால், அது சதுரமன்று பட்டம் என்று சிறுவர் சாதிப்பர். ஒல்லாந்து தேசத்து ஆசிரியத் தம்பதியரான வான் ஹீலே இருவரும் 1957ஆம் ஆண்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வுகளில் இதற்கு விளக்கம் உண்டு. சிறுவர் முதலில் வடிவத்தை அதன் தோற்றத்தால் அறிகின்றனர். பின்னரே பக்கம், கோணம் முதலிய இயல்புகளால் அறிகின்றனர். இயல்புகளுக்கிடையேயுள்ள தொடர்பு அதற்கும் பிற்பட்டது. முதற்படியில் நிற்பவனுக்கு மூன்றாம்படியின் மொழியிற் பேசும் ஆசிரியர் எத்துணைத் தெளிவாகப் பேசினும் பயனில்லை. மடித்தல், திருப்புதல், ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்த்தல் என்பனவே அவனை அடுத்த படிக்கு ஏற்றுவன.

இவற்றிற்கெல்லாம் நேரம் எங்கே என்பர் ஆசிரியர். நாற்பது மாணாக்கரும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் அவர்முன் நிற்க, அவ்வினாவை இகழ்தல் நேர்மையன்று. கயிற்றுப் பாடம் இரு பாடவேளைகளைக் கொள்ளும்; விதியை எழுதிப்போடுதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆயின் அவ்விதியை ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் திரும்பத் திரும்பக் கற்பிக்கும் நேரத்தை எவருங் கணக்கிற் சேர்ப்பதில்லை. 1901ஆம் ஆண்டு கிளாஸ்கோவிற் கூடிய பிரித்தானிய அறிவியற் கழகத்தில் ஜோன் பெரி என்பார், அளத்தலும் பரிசோதித்தலும் கணிதக் கல்விக்கு அடிப்படையாதல் வேண்டுமென வாதாடினார். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பொருட்காட்சிக்கென ஆசிரியரே அட்டையிற் செய்து அலுமாரியிற் பூட்டிவைக்கும் உருவங்கள் செயல்முறைக் கல்வியாகா என்பதையும் இங்கே கூறல் வேண்டும்.

செயலுக்கும் ஓர் எல்லை உண்டு. முக்கோணியின் கோணங்களைப் பாகைமானியால் அளந்த வகுப்பில் ஒருவன் 179 பாகை என்பான், மற்றொருத்தி 182 என்பாள். மூலைகளைக் கிழித்து அடுத்தடுத்து ஒட்டினால் அவை நேர்கோட்டில் அமைவதுபோலத் தோன்றும். அது நேர்கோடேயா, ஏறக்குறைய நேர்கோடா? எத்தனை முக்கோணிகளைக் கிழித்தாலும் இவ்வினாவிற்கு விடை வாராது. ஆசிரியர் இவ்விடத்து அவசரப்பட்டு 180 என்று திருத்திவிடாது, இரு விடைகளையும் கரும்பலகையில் அப்படியே எழுதி விடுதல் நலம். முக்கோணியின் உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமான கோடு மேல்வகுப்பில் வரையப்படும்போது, 179க்கும் 182க்கும் இடையே நிகழ்ந்த வழக்கை அம்மாணாக்கர் நினைவுகூர்வர்.