மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமா?

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வீசியபோது, கொடைக்கானல் மலைப்பாதைகளில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாட்களில் பாலும் காய்கறியும் வருமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறோம். மனச்சோர்வுக்குத் தினமும் மாத்திரை போடுபவரின் அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை.

புயலே வேண்டாம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலிருந்தோ கவுஞ்சியிலிருந்தோ டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால் ஒருநாள் கூலி போய்விடும். "நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு?" என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால் மாத்திரை அன்றோடு நின்றுவிடும்.

மாதக்கணக்கில் சாப்பிட்ட மருந்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதைத் திடீரென்று எடுத்துவிட்டால் ஈடுகட்ட மூளைக்கு அவகாசம் கிடைப்பதில்லை. தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள், எரிச்சல், அழுகை எல்லாம் வரலாம். கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் ஷாக் அடித்தது போலச் சுரீரென்று ஓடுவதாகப் பலர் சொல்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி வந்தவருக்கு இந்தத் தலைசுற்றல் வந்தால், 'மலை ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. வென்லாஃபாக்சின் ஐந்து மணி நேரத்திலும் பராக்சிடின் ஏறக்குறைய ஒரு நாளிலும் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இவற்றை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே தொல்லை தொடங்கலாம். ஃபுளூவாக்சிடின் உடம்பில் பல நாள் தங்குவதால் தொல்லை குறைவு. வந்தாலும் தாமதமாகத்தான் வரும்.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. 2024-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி தெரிந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். கடுமையாக அவதிப்பட்டவர்கள் 35 பேரில் ஒருவர் அளவில்தான். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதே சிக்கல்.

இந்த அவதியை, நோய் திரும்பிவிட்டது என்றோ மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்றோ பலர் தவறாக எண்ணுகிறார்கள். நிறுத்திய சில நாட்களிலேயே, தலைசுற்றலும் ஷாக் உணர்வுமாக வந்தால் அது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. மருந்தை மீண்டும் தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். பழைய சோர்வு மெல்ல மெல்ல, வாரங்கள் கழித்துத் திரும்புவதே வழக்கம். அதுவும் வரலாம், தற்கொலை எண்ணத்தோடும் வரலாம். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்பதை டாக்டரிடம் விடுவதே நல்லது.

மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பதில்லை. பலர் நிறுத்துகிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் அளவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் இன்னும் நிதானம் தேவை. ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் நம்மூர் வழக்கம், சீக்கிரம் வெளியேறும் மருந்துகளுக்குப் பொருந்தாது.

மலைவாசிகளுக்கு மழைக்காலத்துக்கு முன்பே கூடுதல் நாட்களுக்கு மாத்திரை எழுதித்தர மருத்துவர்கள் முன்வர வேண்டும். நீங்களும் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த அட்டைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மருந்துச் சீட்டைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டு அவதிப்பட்டாலோ, உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, தாமதிக்காமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மனாஸ் என்னும் அந்த அரசு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.