எம்.ஏ. ஜெர்மன் படிக்கலாமா? துறையை எடை போடுவது எப்படி?

மும்பை, புனே நகரங்களில் கல்லூரியில் படித்துக்கொண்டே மாலை வேளையில் ஜெர்மன் மொழியும் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. பி.ஏ. அல்லது பி.காம். முடிந்ததும் அவர்களில் சிலர், "ஜெர்மனிலேயே எம்.ஏ. படித்தால் என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. பீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டு ஆண்டுச் சம்பாத்தியமும் தள்ளிப் போகிறது. ஆகவே சேரப்போகும் துறையின் தரத்தை முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

மும்பைப் பல்கலைக் கழகத்தின் கலீனா வளாகம், புனேயில் ரானடே இன்ஸ்டிட்யூட், டில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகம், டில்லிப் பல்கலைக் கழகம், ஹைதராபாதில் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக் கழகம், காசியில் ஹிந்துப் பல்கலைக் கழகம் ஆகிய இடங்களில் ஜெர்மன் மொழிக்குப் பட்ட மேற்படிப்பு உண்டு. எது நல்லது என்று கேட்டால், பல்கலைக் கழகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். அது போதாது. 1994-ல் ஏற்பட்ட 'நாக்' அமைப்பு தருகிற தர எழுத்து முழு நிறுவனத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. 2016 முதல் வெளிவரும் மத்திய அரசின் தர வரிசையிலும் அயல்மொழித் துறைகளுக்கென்று தனிப் பட்டியல் இல்லை. பெரிய பல்கலைக் கழகத்தில் நலிந்த துறையும் இருக்கலாம், சிறிய இடத்தில் நல்ல துறையும் இருக்கலாம்.

வாசலில் என்ன கேட்கிறார்கள்?

ஜெர்மன் அறிவை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாக அளக்கிறார்கள். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான அளவுகோல் இது. மாக்ஸ்முல்லர் பவன் சான்றிதழ்களும் இதன்படியே வழங்கப்படுகின்றன. ஆரம்பத்திலிருந்து சி1 படியை எட்டுவதற்கு, 45 நிமிஷப் பாட வேளைகள் 800 முதல் 1,000 வரை தேவைப்படும் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. அதாவது 600 முதல் 750 மணி நேரம்.

இனி எம்.ஏ. கணக்கைப் பார்ப்போம். வாரம் 4 மணி நேரம் மொழிப் பயிற்சி, பருவத்துக்கு 15 வாரம், மொத்தம் 4 பருவம் என்று வைத்துக்கொண்டால் 240 மணி நேரம்தான் கிடைக்கும். ஜெர்மன் எழுத்தே தெரியாமல் வருகிறவரை இந்த நேரத்துக்குள் முதுகலைப் பட்டதாரி ஆக்க யாராலும் முடியாது. எனவே நுழைவிலேயே போதிய ஜெர்மன் அறிவைக் கேட்டு, தேர்வு வைத்துச் சேர்க்கும் துறை கெடுபிடி செய்வதாக நினைக்க வேண்டாம். அதுதான் நல்ல அடையாளம். "எதுவும் தெரிய வேண்டாம், வாருங்கள்" என்று சுலபமாகக் கதவைத் திறக்கும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

வகுப்பில் எந்த மொழி?

பாடம் நடப்பதும், பரீட்சை எழுதுவதும், ஆய்வேடு தருவதும் ஜெர்மனிலேயே இருக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பில் கதையைப் படித்து, ஆங்கிலத்தில் விடை எழுதித் தேறினால் கையில் பட்டம் இருக்கும், நாவில் மொழி இருக்காது.

பாடத்திட்டத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். கதே, ஷில்லர் அவசியம்தான். ஆனால் அவர்களோடு நின்றுவிடக் கூடாது. பிராகா நகரத்தின் காஃப்கா, நாடகாசிரியர் பிரெக்ட், ஆஸ்திரியாவின் எல்ஃப்ரீடெ யெலினெக், ருமேனியாவில் பிறந்து ஜெர்மனில் எழுதும் ஹெர்டா முல்லர் வரை பரப்பு விரிய வேண்டும். 1990-ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு வந்த எழுத்துக்கும் இடம் வேண்டும். இந்தியத் தொடர்பும் விடுபடக் கூடாது. 1791-ல் காளிதாசரின் சாகுந்தலம் ஜெர்மனில் வந்தபோது கதே அதைப் படித்து வியந்தார். 1986-87-ல் குண்டர் கிராஸ் கல்கத்தாவில் சில மாதம் தங்கி ஒரு நூலே எழுதினார். இவற்றை நம் மாணவர்கள் நம் கண்ணோட்டத்தில் படிக்க வைக்கும் துறை உயிரோடு இருக்கும் துறை. மொழிபெயர்ப்புக்குத் தனித் தாள் உண்டா என்பதையும் பாருங்கள். வேலைக்கு நேராக உதவுவது அதுவே.

யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், பருவத்துக்குப் பருவம் மாறும் தற்காலிக ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆய்வேட்டுக்கு வழிகாட்டுகிறவர் பாதியில் போய்விட்டால் மாணவர் பாடு திண்டாட்டம். நூலகத்தில் சமீபத்திய ஜெர்மன் புத்தகங்களும் பத்திரிகைகளும் வருகின்றனவா? ஜெர்மன் பல்கலைக் கழகம் எதனோடாவது மாணவர் பரிமாற்றம் உண்டா? 'டாட்' என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனத்தின் உதவித்தொகை இத்துறை மாணவர்களுக்குக் கிடைத்திருக்கிறதா? இவற்றுக்கு வருகிற பதிலில் துறையின் நிலை தெரிந்துவிடும்.

படித்தவர்கள் எங்கே?

இதுதான் முக்கியமான கேள்வி. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.யில் 55 சதவிகித மதிப்பெண்ணும் 'நெட்' தேர்ச்சியும் வழக்கமாகக் கேட்கப்படுகின்றன. ஜெர்மனும் நெட் தேர்வில் ஒரு பாடம். ஐந்து ஆண்டில் இத்துறையிலிருந்து எத்தனை பேர் அதில் தேறினார்கள் என்று விசாரியுங்கள். கம்பெனிகளோ மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் தொடர்பு வேலைகளுக்குப் பட்டத்தோடு பி2, சி1 சான்றிதழையும் பார்க்கின்றன. எம்.ஏ. படிக்கும்போதே அந்தப் பரீட்சையை எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரே வேலையை நம்பிப் படிப்பதில் உள்ள ஆபத்தை மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் நேரில் கண்டவை. 2011 ஒப்பந்தத்தின்படி கேந்திரிய வித்யாலயாக்களில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை மூன்றாவது மொழியாக ஜெர்மன் எடுக்க முடிந்தது. 2014 நவம்பரில், பள்ளி ஆண்டின் நடுவிலேயே, அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு சமஸ்கிருதம் முன்னுக்கு வந்தது. மறு ஆண்டு ஜெர்மன் கூடுதல் அயல்மொழியாக மட்டும் திரும்பியது. பள்ளி வேலையை நம்பியிருந்த ஜெர்மன் ஆசிரியர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, ஆராய்ச்சி என்று இரண்டு மூன்று வழிக்குப் பழக்கும் துறையே தேவலை.

விசாரிக்கும் வழி

இதற்கெல்லாம் சிபாரிசு வேண்டியதில்லை. பாடத்திட்டத்தைப் பல்கலைக் கழகமே வெளியிடுகிறது. பழைய வினாத்தாள்களை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். துறைக்கு ஒரு நாள் நேரில் போய், வகுப்பு விட்டதும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசலாம். அவர்கள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்கிறார்களா என்று காதைக் கொடுத்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். எத்தனை இடம் காலி, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற விவரம் கிடைக்காவிட்டால், 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக் கழகமானால் மனுக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிய பிறகு இதையெல்லாம் செய்ய நேரம் இராது. பி.ஏ. கடைசி ஆண்டு தொடங்கும்போதே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விசாரணையை ஆரம்பித்துவிடுவது நல்லது. அதற்குள் பி1 அல்லது பி2 பரீட்சையும் தேறிவிட்டால், எந்தத் துறையின் நுழைவுத் தேர்வையும் தைரியமாக எழுதலாம்.