யாருடைய மாலுமி?

1812ஆம் ஆண்டு அமெரிக்கா பிரிட்டன் மீது போர் தொடுத்ததற்குக் காரணங்கள் யாவை என்று வினவினால், “மாலுமிகளைக் கட்டாயமாகப் பிடித்துச் சென்றமை” என ஒரு வரி எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். அந்த வரிக்குள் அகப்பட்டுக் கிடக்கும் மனிதர்களைச் சற்றே பார்ப்போம்.

1793 முதல் பிரான்சுடன் போரிட்டு வந்த பிரிட்டனின் கடற்படைக்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். ஆனால் 1653இல் வகுத்த சம்பளமே 1797இல் மாலுமிகள் கிளர்ச்சி செய்யும்வரை நீடித்தது. கசையடியோ தாராளம்! எனவே பலர் தப்பியோடி, கூடுதல் ஊதியம் தந்த அமெரிக்க வாணிகக் கப்பல்களில் சேர்ந்தனர். அவர்களைத் தேடி பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நடுக்கடலில் அக்கப்பல்களை மறித்தன. அதிகாரி ஒருவர் ஏறி வருவார். மாலுமிகளை வரிசையாக நிறுத்துவார். தம் நாட்டவர் என்று தோன்றியவரை இழுத்துச் செல்வார். அமெரிக்கா அப்போரில் நடுநிலை நாடு என்பது அவரைத் தடுக்கவில்லை.

ஆங்கிலேயர் யார், அமெரிக்கர் யார் என்று எப்படி அறிவது? பேசும் மொழி ஒன்று, பெயர்களும் ஒன்று. சட்டமோ இன்னும் குழப்பியது. பிரிட்டனில் பிறந்தவன் சாகும்வரை அதன் குடிமகனே என்றது பிரிட்டன். ஐந்தாண்டு வாழ்ந்து குடியுரிமை பெற்றவன் எம்மவன் என்றது அமெரிக்கா. ஒரே மனிதனை இரு நாடுகளும் சட்டப்படியே உரிமை கொண்டாடின. அவனை யாரும் கேட்கவில்லை.

1796இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, மாலுமிகளுக்குக் காப்புச் சான்றிதழ் வழங்கியது. கட்டணம் 25 சென்ட். உயரம், தலைமயிரின் நிறம், தழும்பு போன்ற அடையாளங்கள் அதில் எழுதப்பட்டன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சான்றிதழ்கள் கைமாறின, விற்கவும்பட்டன. அதைக் காட்டியே பிரிட்டிஷ் அதிகாரிகள் உண்மையான சான்றிதழ்களையும் தள்ளினர். தம் கப்பலில் ஆள் குறைந்து தவிப்பவரே நீதிபதியாகவும் அமர்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும்? பிடிபட்டவன் முறையிட்டு, தூதரகத்தின் வழியே கடிதம் போய்ப் பதில் வருவதற்குள், அவன் வேறொரு கடலில் இருப்பான். ஆட்களை இழந்த வாணிகக் கப்பலோ, புயலில் பாய்களைச் சுருட்டவும் போதிய கைகளின்றித் தத்தளிக்கும்.

1807 ஜூன் 22ஆம் நாள் வர்ஜீனியாக் கரைக்கப்பால் லெப்பர்டு என்னும் பிரிட்டிஷ் கப்பல், சேசபீக் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு நால்வரைக் கொண்டுசென்றது. ஒருவர் மட்டுமே பிரிட்டனில் பிறந்தவர், அவர் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்கர் மூவரில் ஒருவர் சிறைப்பட்ட நிலையிலேயே இறந்தார். மற்ற இருவர் திரும்பியது 1812இல்தான். பிடித்துச் செல்லப்பட்டவர்கள் பற்றி அவ்வாண்டு அமெரிக்க அரசு வெளியிட்ட கணக்கு 6,257. அதில் ஒரே பெயர் இருமுறை வந்ததும் உண்டு என்பர்.

போரை முடிவுக்குக் கொண்டுவர 1814 டிசம்பர் 24இல் கையெழுத்தான கென்ட் உடன்படிக்கையில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. நெப்போலியன் வீழ்ந்ததால் பிரிட்டனுக்கு ஆள் தேவை குறைந்துவிட்டது, அவ்வளவே.

சான்றிதழ் மட்டும் நிலைத்தது. 1838இல் பிரெடரிக் டக்ளஸ் என்னும் அடிமை, மாலுமி வேடமிட்டு, தம் தோற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒருவரின் சான்றிதழை இரவல் பெற்று, பால்டிமோரிலிருந்து இரயிலேறித் தப்பினார். பரிசோதித்தவர் அதன் தலைப்பிலிருந்த கழுகுச் சின்னத்தைப் பார்த்தார்; அடையாளங்களைப் படிக்கவேயில்லை.